தெர்மோகோல் இறக்கைக்குத் தோல் கிடைத்த கதை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தெர்மோகோலில் மாதிரி செய்தவர்கள் பலருக்கும் ஒரு கசப்பான அனுபவம் இருக்கும். அணைக்கட்டோ, எரிமலையோ, விமானமோ, இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டி முடித்திருப்பார்கள். கடைசியில் பளபளப்பாக இருக்கட்டுமே என்று ஸ்ப்ரே பெயின்ட் வாங்கி அடிப்பார்கள். அடித்த சில நொடிகளில் தெர்மோகோல் குழி குழியாக விழுந்து, சுருங்கி, உருகிய மெழுகு போல ஆகிவிடும். பெட்ரோல் பட்டால் கேட்கவே வேண்டாம். கரைந்து பிசினாகிவிடும்.

ஆனால் இதே தெர்மோகோலில் இறக்கை செய்து, அதற்குச் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடி போன்ற மேற்பரப்பு கொடுத்து, வானத்தில் குட்டிக்கரணம் அடிக்க வைப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ரேடியோ மூலம் இயக்கும் மாதிரி விமானங்களைச் செய்பவர்கள்தான் அவர்கள். தொட்டால் கரையும் ஒரு பொருளுக்கு அவர்கள் எப்படித் தோல் போர்த்தினார்கள்? கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலைத் தேடிப் போனால் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு விரிகிறது. அதில் வேதியியல் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, சில உயிர்கள் போன கதையும் இருக்கிறது.

தாளும் துணியும்

மனிதன் பறப்பதற்கு முன்பே மாதிரி விமானங்கள் பறந்துவிட்டன. 1871ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று பாரிஸ் நகரத்தின் டுயிலரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் ஒரு சிறிய விமானத்தைப் பறக்கவிட்டார். இறக்கையின் நீளம் சுமார் 45 செ.மீ., எடை 16 கிராம். முறுக்கிய ரப்பர்தான் அதன் எஞ்சின். 11 நொடிகளில் அது ஏறக்குறைய 40 மீட்டர் தூரம் பறந்தது. இதே பெனோ வடிவமைத்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத்தான் 1878இல் ரைட் சகோதரர்களின் தந்தை தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, தாள் ஆகியவற்றால் ஆன அந்தப் பொம்மையே தங்கள் ஆர்வத்தின் தொடக்கம் என்று சகோதரர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள்.

அந்தக் காலத்து இறக்கைகள் எல்லாமே எலும்புக்கூடுதான். மெல்லிய மரக்குச்சிகளால் சட்டம் கட்டி, அதன்மேல் தாளோ துணியோ இழுத்து ஒட்டுவார்கள். நம் ஊர்க் காற்றாடியும் இதே முறைதான். பெரிய விமானங்களும் இப்படித்தான். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்தின் இறக்கைகள் மஸ்லின் துணியால் போர்த்தப்பட்டவை.

துணியில் ஒரு சிக்கல் உண்டு. காற்று அதன் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். ஈரப்பதம் மாறினால் தொய்ந்துபோகும். தொய்ந்த துணி இறக்கையின் வடிவத்தைக் கெடுத்துவிடும். இதற்கு மருந்தாக வந்ததுதான் 'டோப்'. செல்லுலோஸ் நைட்ரேட்டைக் கரைப்பானில் கரைத்துச் செய்த ஒருவகை வார்னிஷ் அது. தூரிகையால் துணியின்மேல் பூசினால், கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு சுருங்கும். கூடவே துணியும் சுருங்கி, மத்தளத் தோல் போல விறைப்பாகும். காற்றும் புகாது, நீரும் ஊறாது.

உயிர் குடித்த பூச்சு

செல்லுலோஸ் நைட்ரேட் எளிதில் தீப்பிடிக்கும். எனவே முதல் உலகப் போர்க் காலத்தில் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காத செல்லுலோஸ் அசிடேட் டோப்பைப் பிரிட்டனில் பயன்படுத்தினார்கள். அதைக் கரைக்கச் சேர்த்த பொருள்களில் ஒன்று டெட்ராகுளோரோஈத்தேன். தொழிற்சாலையின் மூடிய அறைகளில் இறக்கைகளுக்கு டோப் பூசிய தொழிலாளர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவர்களில் பலர் பெண்கள். 1914 முதல் 1916 வரை பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். கல்லீரலைத் தின்றது அந்தக் கரைப்பானின் ஆவிதான் என்று தெரிந்த பிறகே அது கைவிடப்பட்டது.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. விமானத்தின் தோல் என்பது வெறும் அலங்காரம் அல்ல. அதைப் பூசும் பொருள் எதைக் கரைக்கும், யாரைப் பாதிக்கும் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அதே கேள்வி அரை நூற்றாண்டு கழித்து வேறு உருவத்தில் மாதிரி விமானக்காரர்களின் மேசைக்கு வந்தது.

அதுவரை மாதிரி விமானக்காரர்களின் வழி நேரானது. தென்னமெரிக்காவில் விளையும் பால்சா மரத்தில் சட்டம் செய்வார்கள். ஜப்பானிய மெல்லிய தாளையோ பட்டையோ போர்த்துவார்கள். டோப் பூசுவார்கள். 1940களின் இறுதியில் மெத்தனாலில் ஓடும் சிறு எஞ்சின்கள் பரவியபோது, அந்த எரிபொருள் நைட்ரேட் டோப்பைக் கரைத்தது. உடனே எரிபொருளைத் தாங்கும் பியூட்டிரேட் டோப்புக்கு மாறினார்கள். பூசுவது, காய்வது, உப்புத்தாள் போடுவது, மறுபடி பூசுவது என ஒரு இறக்கைக்குப் பல நாள் பிடிக்கும். வீடெல்லாம் டோப் நாற்றம்!

பெட்டிக்குள் இருந்து வந்த நுரை

பாலிஸ்டைரீன் என்ற பொருளை 1839லேயே ஜெர்மனியின் எடுவார்ட் சைமன் கண்டிருந்தார். ஆனால் அதை நுரையாக்கியது இருபதாம் நூற்றாண்டு. அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் ரே மெக்இன்டயர் 1941 வாக்கில் பாலிஸ்டைரீன் நுரையை உருவாக்கினார். சுவீடனைச் சேர்ந்த கார்ல் முன்டர்ஸ் அதற்கு முன்பே இதே வழியைக் கண்டுபிடித்திருந்ததால், அவருடைய காப்புரிமையின் உரிமையையும் டவ் பெற்றுக்கொண்டது. ஸ்டைரோஃபோம் என்ற பெயரில் வந்த அந்த நுரையை அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1942இல் உயிர்காக்கும் மிதவைக்குப் பயன்படுத்தியது.

ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி 1950 வாக்கில் வேறொரு வழியைக் கண்டார். பென்டேன் கலந்த சிறு பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் சூடாக்கினால் அவை பொரி போலப் பொரிந்து பல மடங்கு பெருத்தன. அச்சில் போட்டு மறுபடி நீராவி விட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாம் தெர்மோகோல் என்று அழைப்பது இதைத்தான். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் வெள்ளைக் கட்டியை உடைத்தால் உதிரும் உருண்டைகள், அந்தப் பொரிந்த மணிகளே. அதன் பருமனில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று!

எடை குறைவு, விலை குறைவு. 1960களில் மாதிரி விமானக்காரர்களின் கண் இதன்மேல் விழுந்ததில் வியப்பில்லை. முப்பது நாற்பது பால்சாத் துண்டுகளை அறுத்து ஒட்ட வேண்டிய இறக்கையை, ஒரே கட்டியிலிருந்து சில நிமிடங்களில் வெட்டி எடுக்கலாம்.

வெட்டும் முறையும் அழகானது. இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் இரண்டு அச்சுத் தகடுகளைச் செய்து, நுரைக் கட்டியின் இரு முனைகளிலும் பொருத்துவார்கள். வில் போன்ற சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிக்ரோம் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் அது சூடாகும். இரு முனையிலும் ஆளுக்கொருவர் நின்று, தகட்டின்மேல் கம்பியை நகர்த்த வேண்டும். அடிப்பக்க முனை பெரிதாகவும் நுனி சிறிதாகவும் இருந்தால் இருவரின் வேகமும் ஒன்றாக இருக்கக்கூடாது. அதற்காகத் தகடுகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறியிட்டு, ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, மற்றவரும் அதே நேரத்தில் அதே எண்ணைத் தாண்டுவார். நடுவில் ஒருவர் தயங்கினால் போதும், அந்த இடத்தில் கம்பி நுரையை உருக்கிப் பள்ளம் போட்டுவிடும்.

தோல் எதற்கு?

வெட்டியெடுத்த நுரை இறக்கையை அப்படியே பறக்கவிட்டால் என்ன? சிறிய, மெதுவான விமானம் என்றால் பறக்கும். கொஞ்சம் பெரிதானால், ஒரு திருப்பத்தில் 'டக்'கென்று இரண்டாக ஒடியும். இங்கேதான் இயற்பியல் வருகிறது.

பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அப்போது அடிப்பக்கம் இழுபடுகிறது, மேற்பக்கம் நசுங்குகிறது. நடுப்பகுதிக்கு இந்த வேலை மிகக் குறைவு. அதாவது வலிமை தேவைப்படுவது மேற்பரப்பில்தான். மேலும் கீழும் மெல்லிய வலுவான தோல் ஒட்டி, அந்த இரண்டு தோலையும் விலகாமல் பிடித்துக்கொள்ள நடுவில் லேசான ஒன்றை வைத்தால் போதும். இரும்பு உத்தரத்தை 'ஐ' எழுத்து வடிவில் செய்வதும் இதே காரணத்தால்தான்.

இது மாதிரி விமானக்காரர்கள் புதிதாகக் கண்டது அல்ல. 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடல், இரண்டு பிர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா வைத்த சாண்ட்விச். நுரை இறக்கையில் பால்சாவின் இடத்தைத் தெர்மோகோல் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் தோலின் முக்கியத்துவம் புரியும். 150 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் 12 சதவீதத் தடிமனும் உள்ள ஒரு இறக்கையை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் உள்ள நுரை, கன மீட்டருக்கு 15 கிலோ வகையாக இருந்தால், சுமார் 115 கிராம் எடை வரும். மேலும் கீழும் சேர்த்துப் பரப்பு முக்கால் சதுர மீட்டர். அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் பால்சாத் தகடு ஒட்டினால் ஏறக்குறைய 145 கிராம். பசையும் வண்ணமும் தனி. தோல், உள்ளே இருப்பதைவிடக் கனமாகிவிட்டது! நுரை இறக்கை என்று பெயர்தானே தவிர, பாரம் சுமப்பதும் பாரமாக இருப்பதும் தோல்தான். அதனால்தான் 'எதைப் போர்த்துவது, எதனால் ஒட்டுவது' என்பதே இந்தக் கலையின் முழுக் கதையும் ஆனது.

எதிரியான பழைய நண்பன்

பழைய அனுபவசாலிகள் முதலில் செய்த காரியம், தங்களுக்குத் தெரிந்த டோப்பை எடுத்ததுதான். விளைவு, மேலே சொன்ன அறிவியல் கண்காட்சிக் கதை. டோப்பில் உள்ள அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனையும் கரைப்பவை. நெயில் பாலிஷ் ரிமூவரின் ஒரு சொட்டு தெர்மோகோலில் ஓட்டை போடுவதும் இதனால்தான். பால்சா விமானத்துக்குப் பயன்பட்ட செல்லுலோஸ் பசையும் அப்படியே. 1958இல் விற்பனைக்கு வந்து பிறகு எல்லோரும் நம்பிய சயனோஅக்ரிலேட் உடனடிப் பசையும் தெர்மோகோலை அரித்தது. நுரைக்குப் பாதகமில்லாத, நெடியற்ற வகை பின்னால்தான் வந்தது.

பல ஆண்டு கைப்பழக்கம் ஒரே நாளில் பயனற்றுப் போனது. புதிய பொருளுக்குப் புதிய கூட்டாளிகளைத் தேட வேண்டியிருந்தது. நீர் பாலிஸ்டைரீனைக் கரைக்காது. எனவே நீரில் கலந்த பசைகள் பாதுகாப்பானவை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை முதல் கூட்டாளி. பிரிட்டனில் தரைவிரிப்பு ஒட்டப் பயன்பட்ட காப்பிடெக்ஸ் என்ற ரப்பர்பால் பசை அடுத்தது. அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், ஆனால் நுரையை ஒன்றும் செய்யாது. மூன்றாவது கூட்டாளி, அரால்டைட் போன்ற எபாக்ஸி. அது காய்வது கரைப்பான் ஆவியாவதால் அல்ல, இரண்டு பொருள்களின் வேதிவினையால். அதனால் நுரைக்குத் தீங்கில்லை.

இதில் ஏமாந்தவர்களும் உண்டு. படகு கட்டுவோர் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பிசின் பார்வைக்கு எபாக்ஸி போலவே இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதை நீர்க்கச் செய்வது ஸ்டைரீன். பாலிஸ்டைரீனின் தாய்ப்பொருளே அதுதான்! பூசிய நிமிடமே நுரை கரையத் தொடங்கும்.

மரத்தோலும் பிரவுன் தாளும்

1960களின் இறுதியிலும் 1970களிலும் நுரை இறக்கைக்கு வழக்கமான தோல், மெல்லிய மரத்தகடு. அமெரிக்காவில் பெரும்பாலும் பால்சா. பிரிட்டனில் ஒபேச்சி. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒபேச்சி மரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவி எடுத்த தகடு, அகலமான ஒரே துண்டாகக் கிடைத்தது.

ஒட்டும்போது ஒரு எளிய தந்திரம் கைகொடுத்தது. சூடான கம்பி இறக்கையை வெட்டிய பிறகு, மேலும் கீழும் மிஞ்சும் நுரைத் துண்டுகள் இறக்கைக்குச் சரியான தொட்டில் போல இருக்கும். பசை தடவிய தோலோடு இறக்கையை அந்தத் தொட்டிலுக்குள் திரும்ப வைத்து, மேலே கனமான புத்தகங்களையோ செங்கற்களையோ அடுக்கிவிட்டால் போதும். அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாக விழும். கழிவு என்று வீச வேண்டியதே அச்சாகிவிட்டது. ஆனால் தொட்டில் வைத்த மேசை சமமாக இல்லாவிட்டால், இறக்கை முறுக்கியபடியே காய்ந்துவிடும். பிறகு அதைத் திருத்த வழியில்லை.

காசு குறைவானவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் அதே பிரவுன் தாள்! நீர் கலந்த வெள்ளைப் பசையில் தாளை ஊறவைத்து, நுரையின்மேல் சுருக்கமில்லாமல் நீவி ஒட்டுவார்கள். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி இறுக்கமாகிறது. டோப் துணிக்குச் செய்ததை இங்கே தண்ணீர் தாளுக்குச் செய்தது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக் காயவைத்தால் இறக்கை அந்தப் பக்கமாக வளைந்துவிடும் என்பதால் இரு பக்கமும் சேர்ந்தே காய வேண்டும். ஒரு சில ரூபாய் தாளுக்குக் கிடைக்கும் வலிமை, செய்து பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள்.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிய தோல்

அடுத்த மாற்றம் ஜவுளித் துறையிலிருந்து வந்தது. 1941இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் ஒரு பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். டெரிலீன் துணியாக உலகம் சுற்றியது அதுதான். அதையே மெல்லிய தாளாக இழுத்தால் உறுதியான படலம் கிடைத்தது. இரு திசைகளிலும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைத்த படலத்தைத் திரும்பச் சூடாக்கினால், பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். அதன் ஒரு பக்கம் வண்ணமும், சூட்டில் இளகும் பசையும் தடவினால், டோப்பும் வேண்டாம் பெயின்ட்டும் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி ஒன்றே போதும்!

அமெரிக்காவின் டாப் ஃபிளைட் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த மோனோகோட் இவ்வகைப் படலம்தான். அதே பத்தாண்டின் இறுதியில் பிரிட்டனிலிருந்து சோலார்ஃபிலிம் வந்தது. வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒரே மாலையில் முடிந்தது. வீட்டில் நாற்றமும் இல்லை.

ஆனால் நுரைக்கு இங்கேயும் ஒரு சோதனை. மோனோகோட் முழுதாகச் சுருங்க 150 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். பாலிஸ்டைரீனோ 100 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வெறும் நுரையின்மேல் இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி அதிகம் வைத்தால், படலத்துக்கு அடியில் நுரை சுருங்கிப் பள்ளமாகிவிடும். படலம் பளபளவென்று இருக்கும், இறக்கையின் வடிவம் போய்விட்டிருக்கும். எனவே மரத்தோல் போர்த்திய நுரைக்கே இவ்வகைப் படலம் சரிப்பட்டது. வெறும் நுரைக்குக் குறைந்த சூட்டில் ஒட்டும் படலங்கள் தேவைப்பட்டன. பின்னாளில் லேமினேஷன் கடைகளில் அடையாள அட்டைக்குப் போடும் படலத்தைக்கூட மலிவான தோலாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

கண்ணாடி இழையும் ஒரு பெரிய துணிச்சலும்

மாதிரி விமானத்தில் தேறிய ஒரு பொருளை நம்பி மனிதர் ஏறிப் பறக்க முடியுமா? பறந்தார்கள்!

சிறுவயதில் மாதிரி விமானங்கள் செய்து பரிசுகள் வென்ற பர்ட் ரூட்டன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் வேரிஈஸ் விமானம் 1975 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது. பிறகு வீட்டிலேயே கட்டும்படி அதன் வரைபடங்களை விற்றார். 1979இல் லாங்ஈஸ் வந்தது. இறக்கைகளின் உட்பொருள், சூடான கம்பியால் வெட்டிய பாலிஸ்டைரீன் நுரை. மேலே எபாக்ஸியில் தோய்த்த கண்ணாடியிழைத் துணி. விலையுயர்ந்த அச்சுகள் எதுவும் தேவையில்லை. கார் நிறுத்தும் கொட்டகையே தொழிற்சாலை.

இதிலும் மெருகிடும் வேலையே பொறுமையைச் சோதித்தது. நுரையின் திறந்த அறைகள் எபாக்ஸியைக் குடித்து எடையைக் கூட்டும். அதைத் தடுக்க, கண்ணாடி நுண்கோளங்களை எபாக்ஸியில் குழைத்த லேசான கலவையை முதலில் நுரைமேல் வழித்துத் தடவுவார்கள். அதன்மேல் கண்ணாடித் துணி. காய்ந்த பிறகு துணியின் நெசவு தெரியாதிருக்க, அதே நுண்கோளக் கலவையைக் கெட்டியாகப் பூசி உப்புத்தாள் போடுவார்கள். வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்ப்பது போலத்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. உப்புத்தாள் பட்டியைத் தாண்டிக் கண்ணாடித் துணியைத் தின்றால், தின்றது இறக்கையின் வலிமையை!

வண்ணத்திலும் ஒரு கட்டாயம் இருந்தது. இந்த விமானங்களுக்கு வெள்ளை நிறம்தான் பூச வேண்டும் என்றார் ரூட்டன். கறுப்பும் அடர்நிறமும் வெயிலை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் எபாக்ஸியும் நுரையும் இளகக்கூடும். நடுவானில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எரிபொருள் படும் இடங்களிலும் பாலிஸ்டைரீனைத் தவிர்த்து வேறு நுரைகளைப் பயன்படுத்தினார்கள். பெட்ரோல் கரைக்கும் என்ற பள்ளிப் பாடம் இங்கே உயிர்ப் பிரச்சினை.

மாதிரி விமானங்களிலும் கண்ணாடித் துணி பரவியது. சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள, சல்லடை போன்ற துணி. மேலே கணக்கிட்ட இறக்கைக்குத் துணி 19 கிராம், ஏறக்குறைய அதே அளவு பிசின். மொத்தம் 40 கிராமுக்குள் முழுத் தோல்! போட்டிக்கான கிளைடர் செய்பவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மெழுகு தடவிய மைலார் தாளின்மேல் முதலில் வண்ணம், பிறகு பிசின் தோய்த்த துணி, அதை நுரையின்மேல் வைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே உள்ள காற்றை பம்பு வைத்து உறிஞ்சுவார்கள். வெளிக்காற்றே எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும். மறுநாள் மைலாரை உரித்தால் மெருகிட்ட இறக்கை தயார். பூசுவதும் மெருகிடுவதும் ஒரே வேலையாகிவிட்டன.

எபாக்ஸியும் ஒரேயடியாகச் சாது அல்ல. தொடர்ந்து தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், வந்தால் எளிதில் போகாது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அதனால் பின்னர் பலர், நீரில் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷால் கண்ணாடித் துணியை ஒட்டத் தொடங்கினார்கள். எபாக்ஸி அளவுக்கு விறைப்பு வராது. ஆனால் நெடி குறைவு, நுரைக்கும் பாதகமில்லை.

மோதினாலும் உடையாத இறக்கை

பாலிஸ்டைரீனுக்கு இன்னொரு குறை, மோதினால் நொறுங்கும். இதற்கு விடை கார் பம்பருக்குள் இருந்தது. மோதலின் அதிர்ச்சியைத் தாங்க 1980களிலிருந்து பம்பருக்குள் வைக்கப்பட்ட பாலிபுரொப்பிலீன் நுரை, நசுங்கினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். சாதாரணக் கரைப்பான்களும் அதைக் கரைப்பதில்லை.

1990களில் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் கிளைடர்களை ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடும் பழக்கம் பரவியது. அங்கே பெயர்பெற்ற ஸாகி போன்ற வால் இல்லாத விமானங்கள் இந்த நுரையால் ஆனவை. ஆனால் ரப்பர் போல வளையும் நுரைக்கு விறைப்பு எங்கிருந்து வரும்? மறுபடியும் தோல்தான். இழை பதித்த பேக்கிங் டேப்பை இறக்கை நெடுகக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டி, அதன்மேல் வண்ண டேப் போர்த்தினார்கள். அட்டைப்பெட்டி கட்டும் டேப், விமானத்தின் தோலானது. தொழில்நுட்பம் நூறாண்டு முன்னேறிய பிறகும் அடிப்படை அதேதான். உள்ளே லேசானது, வெளியே இழுவை தாங்கும் மெல்லிய ஒன்று.

இன்றைய நிலை

2000களின் தொடக்கத்திலிருந்து அச்சில் வார்த்த நுரை விமானங்கள் கடைகளை நிறைத்தன. மோதலைத் தாங்கும் நுரை வகைகள், லேசான லித்தியம் பேட்டரிகள், மின்மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து வந்தன. பெட்டியைப் பிரித்து, நான்கு திருகு முடுக்கி, அன்றே பறக்கவிடலாம். அவற்றில் பலவற்றுக்குத் தனியாகத் தோல் போர்த்தும் வேலையே இல்லை. அச்சிலேயே மேற்பரப்பு மழமழவென வருகிறது. வளையாதிருக்க உள்ளே கார்பன் குழாய் ஓடுகிறது.

வேலை குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒன்று குறைந்தும் போயிருக்கிறது. தோல் போர்த்திப் பழகியவருக்கு, இறக்கையின் எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் நசுங்கும், எந்தப் பசை எதைக் கரைக்கும், ஒவ்வொரு கிராமும் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் விரல்நுனியில் தெரிந்திருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்து மறப்பதை அவர் ஒரு இறக்கையைப் பாழாக்கிக் கற்றிருந்தார். இன்றும் பெரிய கிளைடர் கட்டுபவர்களும், ஆளில்லா விமானப் போட்டிக்குத் தயாராகும் பொறியியல் மாணவர்களும் நுரையைச் சூடான கம்பியால் வெட்டித் தோல் போர்த்துவது அதனால்தான்.

இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே பாடம். தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த நுரையும், தரைவிரிப்புப் பசையும், நோட்டு அட்டைத் தாளும், பேக்கிங் டேப்பும் தனித்தனியே பறக்கத் தகுதியற்றவை. எது எதனோடு ஒத்துப்போகும் என்று பொறுமையாகச் சோதித்தவர்கள் கையில் அவை இறக்கையாயின. அவர்கள் எல்லோரும் கடைப்பிடித்த விதி மிக எளியது. இறக்கையில் எதைத் தடவுவதற்கும் முன்னால், வெட்டி மிஞ்சிய ஒரு துண்டில் தடவிப் பார்த்து, ஒரு நாள் காத்திரு!

அறிவியல் கண்காட்சிக்காரர்களுக்கும் இதே விதிதான். தெர்மோகோல் மாதிரியின்மேல் நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்த மெல்லிய தாளை ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, பிறகு நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் பூசினால் எரிமலை கரையாது. மேலே ஸ்ப்ரே பெயின்ட் அடித்தே தீருவேன் என்பவர்கள், தாளில் ஊசிமுனை அளவு ஓட்டைகூட இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. அந்த ஓட்டை வழியே உள்ளே போகும் கரைப்பான், வெளியே தெரியாமல் உள்ளே இருப்பதைத் தின்றுவிடும்.